எதிரி வாராத கோதா

கலைகளுட் பல தனித்து நின்றும் வாழவல்லவை. கேட்பார் இல்லையாயினும் புலவன் தன் பாட்டை ஏட்டில் எழுதிவைத்துப் போகலாம். நூறாண்டு கழித்து ஒருவன் அதனைப் படித்து உள்ளம் நெகிழலாம். சிற்பி செதுக்கிய கல், காண்பார் வரும்வரை காட்டிற் காத்துக் கிடக்கும். மல்லனுடைய கலைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவன் தன் திறமையைத் தனியே நின்று காட்டல் இயலாது. எதிரே ஒருவன் வந்து நிற்க வேண்டும். அவனும் தக்கவனாய் இருத்தல் வேண்டும். அப்படி ஒருவன் வாராதபோது மல்லனின் ஆற்றல் அளவிடப்படாத ஆற்றலாகவே இருந்து, அவனுடைய உடம்போடு மூத்து, அவனுடைய உடம்போடு மண்ணாகி விடுகின்றது.

காமாப் பயில்வானின் வாழ்க்கையை இந்த நோக்கில் வைத்துச் சொல்லிப் பார்க்கவே நான் இங்கு முற்படுகின்றேன். தோல்வியே காணாதவர் என்பதுதான் அவரைப்பற்றி எல்லாரும் முதலிற் கூறும் செய்தி. இளம் பிராயத்தில் நானும் அவரை அவ்வாறே கேட்டறிந்தேன். ஆனால், அவருடைய ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நோக்குந்தோறும் என் கண்ணிற் படுவன வெற்றிகள் மட்டுமல்ல. அவற்றினிடையே நீண்டு கிடக்கும் வெறுமையும் கண்ணிற் படுகின்றது. முப்பத்திரண்டு வயதில் உலகத்தை அறைகூவியழைத்த ஒருவர், அந்த உலகம் தமக்குத் தரவேண்டிய மறுமொழிக்காக ஐம்பதாம் வயதுவரை காத்திருந்தார். அக்காத்திருப்பின் கதைதான் இது.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ். காசுமீரத்திலிருந்து வந்து பஞ்சாபிற் குடியேறிய மல்லர் மரபிலே, அமிர்தசரஸ் வட்டாரத்திலே, 1878 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் முகம்மது அசீஸ் பக்ஷும் பெயர்பெற்ற மல்லரே. மகனுக்கு ஆறு வயது நிரம்பும் காலத்தில் அவர் இறந்துபட்டார். பின்னர்த் தாய்வழிப் பாட்டனார் பிள்ளையை வளர்த்தார். அவரும் மறைந்தபின் மாமன் ஈதா பயில்வான் பொறுப்பேற்றார். தந்தையின் தொழிலை மைந்தன் கைவிடலாகாது என்பதில் அக்குடும்பத்தார் உறுதியாயிருந்தனர். எழுத்தும் கணக்கும் பயிலும் வயதில் அச்சிறுவன் தண்டாலும் பஸ்கியும் பயின்றான்.

1888 ஆம் ஆண்டில் யோத்பூர் மன்னர் ஓர் உடற்பயிற்சிப் போட்டியை நடத்தினார். இடைவிடாது பஸ்கி எடுத்து, இறுதிவரை சோராது நிற்பவர் யார் என்று காண்பதே போட்டி. நானூறுக்கு மேற்பட்ட மல்லர்கள் கூடினர். ஒருவர்பின் ஒருவராகப் பலர் சோர்ந்து விலக, எஞ்சி நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனுடைய வயதைக் கருதி மன்னர் அவனையே வென்றவனாக அறிவித்தார். அச்சிறுவனே காமா. அன்றுமுதல் அவர் பெயர் அரண்மனைகளில் அறியப்பட்ட பெயராயிற்று. தத்தியா மன்னர் அவரை ஆதரித்துப் பயிற்சிக்கு ஆவன செய்தார்.

அக்கால வடஇந்திய மல்லர்களின் வாழ்க்கை முறையை இங்குச் சற்று விளக்குதல் தகும். அவர்கள் பொருத களம், கிளறிப் பதப்படுத்திய மண்ணாலாகிய கோதா. எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து அம்மண்ணைப் பேணுவர். விடியுமுன் எழுந்து தண்டாலும் பஸ்கியும் எடுத்துக் கரளாக்கட்டை சுழற்றிய பின்னர், ஒரு நாளைக்குப் பல மல்லர்களோடு மாறிமாறிப் பொருது பழகுவர். முழு வளர்ச்சியுற்ற காமா நாளொன்றுக்கு 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுத்தார் என்று கூறுவர். பாலும் நெய்யும் வாதுமையும் அவர்தம் உணவிற் சிறப்பிடம் பெற்றவை. அவர் பயிற்சிக்குப் பயன்படுத்திய, ஏறத்தாழ 95 கிலோ நிறையுடைய வட்டக் கல்லொன்று பட்டியாலா நகரத்துத் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது.

இவ்வளவு பாலுக்கும் நெய்க்கும் பயிற்சித் துணைவர்க்கும் ஆகும் செலவைத் தனியொருவன் தாங்குதல் இயலாது. ஆகவே மல்லர்கள் அரசர்களை அண்டி வாழ்ந்தனர். யானையும் குதிரையும் போல மல்லனும் அரண்மனையின் பெருமைக்குரிய உடைமையாக எண்ணப்பட்டான். அரசர் விரும்பியபோது பொருதான். அரசர் விரும்பாதபோது இருந்தான். இவ்வாதரவு மல்லனை வாழ்வித்தது. அவன் எப்போது, எங்கே, யாரோடு பொருவது என்பதைப் பிறர் கையில் ஒப்புவித்ததும் அதுவே.

இளமையில் காமா எதிர்த்தவருள் தலையாயவர் குஜ்ரான்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. அவர் ஏழடிக்குச் சற்றே குறைந்த உயரமுடையவர். காமாவின் உயரமோ ஐந்தடி ஏழு அங்குலம். வயதிலும் அனுபவத்திலும் மூத்த அந்த மல்லரோடு இளைஞரான காமா மணிக்கணக்காகப் பொருதார். முடிவு எய்தாமற் போட்டி நின்றது. 1910 ஆம் ஆண்டு வருவதற்குள், ரஹீம் பக்ஷ் ஒருவரைத் தவிர இந்தியாவின் பெயர்பெற்ற மல்லர் யாவரையும் காமா வென்றுவிட்டார். இனி வெல்ல வேண்டியவர்கள் கடலுக்கு அப்பாலேயே இருந்தனர்.

அக்கரையில் அப்போது மற்போர் பெருந்தொழிலாய் வளர்ந்திருந்தது. எஸ்தோனியா நாட்டிற் பிறந்த ஜோர்ஜ் ஹக்கன்ஸ்மித், இலண்டன் மாநகரின் நாடக அரங்குகளையும் மண்டபங்களையும் தம் பெயரால் நிரப்பியவர். 1904 ஆம் ஆண்டு ஒலிம்பியா மண்டபத்தில் அவர் துருக்கிய மல்லர் மத்ராலியை ஒரு நிமிடத்துள் வீழ்த்தினார். 1908 ஏப்ரிலில், சிக்காகோ நகரில், அமெரிக்கரான பிராங் கொட்ச் அந்த ஹக்கன்ஸ்மித்தை வென்று உலக வீரர் என்னும் பட்டத்தைப் பெற்றார். பட்டத்தோடு பணமும் வந்தது. ஆனால் பட்டத்தை யார் எதிர்க்கலாம், எப்போது எதிர்க்கலாம் என்பதை முடிவு செய்ய எந்தச் சங்கமும் இல்லை. போட்டி அமைப்பாளர்களும், பத்திரிகைக்காரர்களும், வீரரின் முகவர்களுமே அதனை முடிவு செய்தனர். மண்டபம் நிறையுமா என்பதே அவர்களின் முதற் கேள்வி. எதிர்ப்பவன் வல்லவனா என்ற கேள்வி அதற்குப் பிற்பட்டது. அவன் மிக வல்லவன் என்பது தெரிந்துவிட்டாலோ, பட்டத்தை வைத்திருப்பவனுக்கும் அவனைக் கொண்டு பணம் ஈட்டுவோர்க்கும் அது வேண்டாத செய்தியாகவே இருந்தது.

1910 ஆம் ஆண்டில் வங்காளச் செல்வர் சரத்குமார் மித்திரரின் பொருளுதவியுடன், பென்ஜமின் என்னும் அமைப்பாளர் காமாவையும் அவர் தம்பி இமாம் பக்ஷையும் வேறு சில மல்லரையும் இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே உலகப் பட்டப் போட்டியில் காமாவுக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. உயரம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். மல்லனின் வலிமையை அளவுகோலால் அளந்து திருப்பியனுப்பிய இச்செயலை எண்ணுந்தோறும், கல்விச்சாலைகளிலும் அலுவலகங்களிலும் நாம் வைத்திருக்கும் அளவுகோல்கள் சில என் நினைவுக்கு வருவதுண்டு.

காமா பொது அறைகூவல் ஒன்றை விடுத்தார். எந்த நிறையுடைய மூவராயினும் ஆகுக, முப்பது நிமிடத்துள் மூவரையும் வீழ்த்திக் காட்டுவதாக அறிவித்தார். வெறும் விளம்பரம் என்று எண்ணிப் பலர் வாளாவிருந்தனர். அதன்பின் அவர் கொட்ச், ஸிபிஸ்கோ ஆகியோரின் பெயரைக் குறித்தே அழைத்தார். தோற்றாற் பரிசுப் பணத்தைத் தாமே கொடுத்துவிட்டு ஊர் திரும்புவதாகவும் கூறினார். இறுதியில் அமெரிக்க மல்லரும் மருத்துவருமான பென்ஜமின் றோலர் முன்வந்தார். ஓகஸ்ட் மாதத்தில் அல்ஹம்பிரா அரங்கில் போட்டி நடைபெற்றது. முதல் வீழ்ச்சிக்கு 1 நிமிடமும் 40 விநாடியும், இரண்டாம் வீழ்ச்சிக்கு 9 நிமிடமும் 10 விநாடியும் சென்றன. பின்பு தம்பி இமாம் பக்ஷும் சுவிற்சர்லாந்து வீரர் ஜோன் லெம் என்பவரைச் சில நிமிடங்களில் வென்றார். அதுவரை சிரித்திருந்த பத்திரிகைகள் அதன் பின்னர் சிரிக்கவில்லை.

இனி ஸிபிஸ்கோ. போலந்து நாட்டவரான ஸ்ரனிஸ்லாஸ் ஸிபிஸ்கோ ஐரோப்பாவின் தலைசிறந்த மல்லருள் ஒருவர், கற்றவர், காமாவினும் பல இறாத்தல் நிறை கூடியவர். 1910 செப்டெம்பர் 10 ஆம் நாள், இலண்டன் ஷெப்பேர்ட்ஸ் புஷ் விளையாட்டரங்கில் இருவரும் எதிர்ப்பட்டனர். பரிசு 250 பவுண், அதனோடு ஜோன் புல் என்னும் பத்திரிகை வழங்கும் பட்டயக் கச்சை. அப்பத்திரிகையை நடத்தியவர் ஹொரேஷியோ பொற்றம்லி. பேச்சால் நாட்டையே மயக்கிய அவர், பின்னாளில், 1922 ஆம் ஆண்டில், பண மோசடிக்காகச் சிறை சென்றவர். உலக வீரர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை எத்தகையோரின் கைகளில் இருந்தது என்பதற்கு இஃதொன்றே சான்று.

போட்டி தொடங்கி ஒரு நிமிடம் செல்லுமுன்னர் காமா தம் எதிரியைக் கீழே கொணர்ந்துவிட்டார். அதன்பின் நிகழ்ந்ததை மற்போர் என்று கூற என் மனம் ஒருப்படவில்லை. ஸிபிஸ்கோ கைகளையும் முழங்கால்களையும் விரிப்பில் ஊன்றி, நிலத்தோடு ஒட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேலாக அவர் அவ்வாறே கிடந்தார். காமாவின் கலை கோதா மண்ணில் வளர்ந்தது; நின்று பொருது, எதிரியை ஒரே வீச்சில் மல்லாக்க வீழ்த்துவதே அதன் உச்சம். விரிப்பிற் குப்புறக் கிடப்பவனைப் புரட்டும் வித்தை மேனாட்டு முறைக்கே உரியது. பொருதாமற் கிடப்பவனைத் தண்டிக்க அந்நாள் விதிகளில் இடமும் இல்லை. மாலை கவிந்தது, வெற்றி தோல்வியின்றிப் போட்டி நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம், செப்டெம்பர் 17 ஆம் நாள், மீண்டும் பொருவதென்று முடிவாயிற்று.

அந்த நாள் வந்தது. காமாவும் வந்தார். ஸிபிஸ்கோ வரவில்லை. பரிசும் பட்டயக் கச்சையும் காமாவுக்கு அளிக்கப்பட்டன.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு தொடர்பைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அதே 1910 ஆம் ஆண்டு ஜூன் முதலாம் நாள், சிக்காகோவில், கொட்ச் இந்த ஸிபிஸ்கோவைத்தான் வென்றிருந்தார். கைகுலுக்க வந்தவரைச் சில விநாடிகளில் வீழ்த்தி முதற் சுற்றைக் கைப்பற்றினார் என்பது அப்போட்டியின் புகழ்பெற்ற செய்தி. ஸிபிஸ்கோ உலக வீரரோடு பொரத் தக்கவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர். அவரை இரண்டரை மணி நேரம் நிலத்தோடு ஒட்டவைத்தவரும், மறுமுறை வரவிடாது செய்தவரும் காமா. எனவே அடுத்த போட்டி கொட்சுக்கும் காமாவுக்கும் இடையே நடந்திருக்க வேண்டும். இதனை அறிய மற்போர் நூல் கற்க வேண்டியதில்லை. ஆயினும் அது நடக்கவில்லை. ஹக்கன்ஸ்மித்தும் அழைப்பை ஏற்கவில்லை. யப்பானிய வீரர் தாரோ மியாக்கேயும் வரவில்லை. இருபது மல்லர்களை ஒருவர்பின் ஒருவராக எதிர்ப்பதாகக் காமா அறிவித்தும் கோதா வெறுமையாகவே கிடந்தது.

ஏன் எவரும் வரவில்லை? மூன்று காரணங்களை நான் காண்கின்றேன். முதலாவது, தொழிலின் கணக்கு. பட்டம் என்பது அமைப்பாளனுக்கு முதலீடு. அதனைக் கடல்கடந்து கொண்டுபோய்விடக் கூடிய ஒருவனிடம் பணயம் வைக்க எவன் துணிவான்? அன்றியும், காமா விரைந்து வெல்பவர். இரண்டு நிமிடக் காட்சிக்குப் பணம் கொடுப்போர் பலமுறை வாரார். எதிரி படுத்துக்கொண்டாலோ காட்சி மணிக்கணக்காய் நீண்டு சலிப்பூட்டும். வலிமையின் மிகுதியே சந்தையிற் குறையாய் மாறிற்று.

இரண்டாவது, நிறம். 1910 ஜூலை 4 ஆம் நாள், கருநிறத்தவரான ஜாக் ஜோன்சன் வெள்ளையரான ஜெப்றீசைக் குத்துச்சண்டையில் வென்றபோது, அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலகம் மூண்டு உயிர்கள் அழிந்தன. அடுத்த ஆண்டு அதே ஜோன்சன் இலண்டனில் ஆங்கில வீரர் ஒருவரோடு பொருவதற்கிருந்த போட்டியை, உள்நாட்டமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் நடைபெறாது தடுத்தார். அடிமைப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒருவன் அரங்கின் நடுவே வெள்ளை வீரனை மல்லாக்க வீழ்த்துவதை, அன்றைய அரசும் சமூகமும் விரும்பிக் காணும் காட்சியாகக் கொண்டிருத்தல் அரிது.

மூன்றாவது, காமாவுக்காக வாதாட அத்தொழிலுக்குள்ளே ஒருவரும் இல்லாமை. கொட்சுக்குப் பத்திரிகைகள் இருந்தன. ஹக்கன்ஸ்மித்துக்குக் கைதேர்ந்த அமைப்பாளர்கள் இருந்தனர். காமாவுக்கோ அம்மக்களின் மொழியும் தெரியாது. ஒரு பருவகாலத்தின் புதுமையாகவே இலண்டன் அவரைக் கண்டது. பருவம் முடிந்தது, அவர் கப்பலேறினார். அமெரிக்க மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

இந்தியா திரும்பிய காமா, அலகபாத்தில் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை மீண்டும் எதிர்த்து, நெடுநேரம் பொருது, இம்முறை வென்றார். தாம் எதிர்த்தவருள் மிக வல்லவர் யார் என்று பிற்காலத்திற் கேட்டபோது அவர் கூறிய பெயர் ரஹீம் பக்ஷ் என்பதே. ஐரோப்பா முழுதும் தேடிச் சென்ற எதிரி, பஞ்சாபிலேயே இருந்திருக்கின்றான். அவ்வெற்றியின்பின் நாட்டிலும் அவருக்கு நிகர் எவரும் எஞ்சவில்லை. பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் அவரை ஆதரித்தார். 1911 ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெற் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே பூபிந்தர் சிங்தான் அவர். 1922 ஆம் ஆண்டு இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் காமாவுக்கு வெள்ளிக் கதை ஒன்றைப் பரிசளித்தார். பரிசுகளும் விருதுகளும் வந்தன. எதிரிதான் வரவில்லை.

இதே காலத்தில் அக்கரையில் நிகழ்ந்தவற்றைச் சற்று நோக்குவோம். 1911 இல் கொட்ச் ஹக்கன்ஸ்மித்தை இரண்டாம் முறையும் வென்றார். 1917 இல் நோயுற்று இறந்தார். பட்டம் கைமாறிக் கைமாறிச் சென்று, 1921 ஆம் ஆண்டில் யாரிடம் வந்து சேர்ந்தது? ஸிபிஸ்கோவிடம். விரிப்பில் ஒட்டிக்கிடந்தவர், எட் லூயிசை வென்று உலக வீரரானார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அடுத்த ஆண்டே பட்டத்தை இழந்தார். பின்னர் லூயிசும் அவருடைய கூட்டாளிகளும் போட்டிகளின் முடிவை முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையைப் பெருந்தொழிலாக்கினர். காற்பந்தாட்டக்காரரான வேய்ன் மன் என்பவருக்கு, மற்போர் சரிவரத் தெரியாதிருந்தும், மண்டபம் நிறையும் என்பதற்காகப் பட்டத்தைச் சூட்டினர். 1925 ஏப்ரிலில், அவரிடம் தோற்பதற்கென அமர்த்தப்பட்ட ஸிபிஸ்கோ, உடன்பாட்டை உதறிவிட்டு உண்மையாகவே பொருது வென்று பட்டத்தை மீண்டும் கைப்பற்றினார். அடுத்த மாதமே எதிரணி அமைப்பாளர்களின் வீரரான ஜோ ஸ்ரெச்சரிடம் அதனை விட்டுக்கொடுத்தார். பட்டம் வீரனின் தோளை விட்டு வணிகனின் பெட்டிக்குட் போன வரலாறு இது.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் காமா எங்கே இருந்தார்? கோதாவில்தான் இருந்தார். விடியுமுன் எழுந்தார், ஆயிரக்கணக்கிற் பஸ்கி எடுத்தார், மாணாக்கரோடு பொருதார். ஆயத்தமாய் இருப்பதே அவருடைய தொழிலாயிற்று. 1921 ஆம் ஆண்டில் வங்காளத்துக் கோபர் குகர் அமெரிக்கா சென்று அங்கே பட்டம் ஒன்றையும் வென்றார். கதவு சற்றே திறந்தபோது காமாவுக்கு நாற்பத்துமூன்று வயது.

1928 ஜனவரியில், பட்டியாலா மன்னரின் ஏற்பாட்டில், ஸிபிஸ்கோ இந்தியா வந்தார். பல்லாயிரம் மக்கள் திரண்டனர். இம்முறை விரிப்பு இல்லை, கோதா மண். காமா ஐம்பதை எட்டிக் கொண்டிருந்தார். ஸிபிஸ்கோ அவரினும் ஓரிரண்டு ஆண்டே இளையவர். ஒரு நிமிடம் ஆகுமுன் போட்டி முடிந்தது. ஸிபிஸ்கோவின் முதுகு மண்ணில் இருந்தது. 1910 இல் முடியாது விடப்பட்ட வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப் பதினேழு ஆண்டும் சில மாதங்களும் சென்றன. முற்றுப்புள்ளி வைக்கவோ ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. மறு ஆண்டு ஜெஸ்ஸி பீற்றர்சனும் வந்தார். அவரும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கவில்லை. அதன்பின் காமாவுக்குக் குறிப்பிடத்தக்க போட்டி எதுவும் வாய்க்கவில்லை.

நம் புறநானூற்றிலே ஒரு காட்சி உண்டு. தந்தையோடு மாறுபட்டுப் பிரிந்துசென்ற சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூரில் ஒரு மல்லனைப் பொருது வீழ்த்துகின்றான். அதனைப் பாடிய சாத்தந்தையார், அவன் தந்தை தித்தன் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடாதா என ஏங்குகின்றார். மகிழ்வானோ மகிழானோ, காணவாவது வேண்டும் என்பதே புலவரின் வேட்கை. காமாவின் 1928 ஆம் ஆண்டு வெற்றியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்புலவரின் ஏக்கம் விளங்குகின்றது. பட்டியாலா மக்கள் கண்டனர். காண வேண்டிய சிக்காகோவும் இலண்டனும் காணவில்லை.

1947 ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது காமா இலாகூரில் இருந்தார். கலவரம் மூண்ட அந்நாட்களில், தம் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களைத் தம் மாணாக்கரோடு காவல் நின்று காத்து, பாதுகாப்பாக வழியனுப்பி வைத்தார் என்பது அவரைப்பற்றி இருநாட்டாரும் நினைவிற் போற்றும் செய்தி. கோதாவில் எதிரி கிடைக்காத கைகளுக்கு அன்று தக்க தொழில் கிடைத்தது. ஆனால் பிரிவினையோடு மன்னர்களின் ஆதரவு அற்றுப்போயிற்று. நெஞ்சுநோயும் ஆஸ்துமாவும் அவரை வாட்டின. மருந்துக்கும் பொருள் போதாத நிலையில், எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலதிபர் ஜி. டி. பிர்லா மாதந்தோறும் உதவித்தொகை அனுப்பினார். 1960 மே 23 ஆம் நாள் இலாகூரில் காமா காலமானார்.

ஸிபிஸ்கோ அவருக்குப் பின் ஏழாண்டுகள் வாழ்ந்து 1967 இல் அமெரிக்காவில் மறைந்தார். 1950 இல் வெளிவந்த நைட் அண்ட் த சிற்றி என்னும் திரைப்படத்தில், போலி மற்போரை வெறுக்கும் முதிய மல்லராக அவர் நடித்துள்ளார். கதை நிகழும் களம் இலண்டன். வாழ்க்கை சில வேளைகளில் நாடகாசிரியனை மிஞ்சிவிடுகின்றது.

காமாவின் திறமை வீணாயிற்று என்று நான் கூறும்போது அதனை மறுப்போர் உளர். போலித்தொழிலில் அகப்படாது தப்பியதே அவர் பேறு. அகப்பட்டிருந்தால் அவரும் எழுதிக்கொடுத்தபடி வென்று, எழுதிக்கொடுத்தபடி தோற்றிருப்பார். தோல்வியறியாப் பெயர் நிலைத்திராது என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவர் இலண்டன் சென்ற ஆண்டு 1910. ஹக்கன்ஸ்மித்தும் கொட்சும் அப்போது உயிரோடிருந்தனர். அவர்களிடம் மெய்யான கலை இருந்தது. காமா கேட்டது பணத்தையன்று, அவர்களைத்தான் கேட்டார். தோற்றால் தாமே பணம் கொடுப்பதாகச் சொன்னவர் அவர்.

கொட்சைக் காமா வென்றிருப்பார் என்று சொல்ல நான் துணியேன். ஒருவேளை தோற்றிருக்கலாம், மேனாட்டுப் பிடிகளைக் கற்று மறுமுறை வென்றிருக்கலாம், இருவரும் ஒருவரால் ஒருவர் உயர்ந்திருக்கலாம். அதனை எவராலும் இனி அறிய முடியாது என்பதே இதிலுள்ள இழப்பு. அந்த இழப்பு காமாவுக்கு மட்டும் உரியதன்று. பிராங் கொட்சின் புகழிலும் அதே இடத்தில் ஒரு வினாக்குறி நிற்கின்றது. தன்னை அறைகூவியவனைச் சந்திக்காத உலக வீரன் என்ற குறை அவரை விட்டு நீங்கவில்லை. தகுதியுடையவனுக்குக் கதவடைப்போர், உள்ளே இருப்பவனின் தகுதியையும் சேர்த்தே ஐயத்துக்குள்ளாக்கி விடுகின்றனர்.

ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் இப்பக்கத்தில் இதனைச் சொல்லி முடிப்பது தகும் என்று எண்ணுகின்றேன். திறமையை வளர்ப்பது பற்றி நாம் நிரம்பப் பேசுகின்றோம். வளர்ந்த திறமைக்குக் களம் கொடுப்பது பற்றிப் பேசுவது குறைவு. பாலும் நெய்யும் ஊட்டி வளர்த்த மன்னர்கள் காமாவுக்குப் பலர் கிடைத்தனர். அவரை எதிர்த்து நிற்க ஒருவனை உரிய காலத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர் எவரும் இலர். பரிசு கொடுத்தனுப்புவது எளிது. பணமும் ஒரு கச்சையும் போதும். சரியான வயதில் சரியான எதிரியைக் கொடுப்பதே அரிது. அந்தக் கொடையைத்தான் 1910 செப்டெம்பர் 17 ஆம் நாள் காமா எதிர்பார்த்து நின்றார். அது பதினேழு ஆண்டுகளுக்குப் பின், அவர் தலை நரைத்த காலத்தில், ஒரு நிமிட அளவே அவருக்குக் கிடைத்தது.